கூடம் கோணல்தான்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தொழில் செய்கின்றவன் தன் கருவியைக் குறை சொன்னால் அவன் வாயை அடைப்பதற்கு நம்மிடம் இருக்கின்ற பழமொழி இது. ஆனால் நேயர்களே, கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிட்டால் ஆடுகிறவள் என்ன செய்வாள்?

இந்தக் கேள்வியை நமது கரையோர மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2008 ஆம் ஆண்டில் வேலை தொடங்கி, 2013 ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் வந்து மூடியதையும், அதற்கு வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்துத் தின்றதையும் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். கரையோரமாக நகர்ந்து செல்லும் மணலை அலைதடுப்புச் சுவர்கள் மறித்தன. ஒரு பக்கம் மணல் சேர்ந்தது. மறுபக்கம் கரை தேய்ந்தது. படகை உள்ளே கொண்டுவர முடியாமல் நின்ற மீனவரைப் பார்த்து, உனக்குப் படகோட்டத் தெரியவில்லை என்று எவரும் சொல்லவில்லை. கோணல் கூடத்தில்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

துறைமுகம் போன்ற பெரிய கட்டுமானத்தில் கோணல் இருந்தால் ஊருக்கே தெரிகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய கருவியில் கோணல் இருந்தால் அதைப் பிடித்திருக்கிற கைக்கு மட்டுமே தெரியும். அப்படிப்பட்ட ஒரு கருவியின் வரலாற்றைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

‘கமரா போட்டுச் செய்கிற ஒப்பரேஷன்’ என்று நமது ஊர்களில் சொல்கிறார்களே, அதனை வைத்தியர்கள் லெப்பரோஸ்கோப்பிச் சத்திரசிகிச்சை என்பார்கள். வயிற்றை நீளமாகக் கிழிக்காமல், மூன்று நான்கு சிறு துளைகள் இட்டு, காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்கிறார்கள். ஒரு துளையினூடாக ஒளியும் கமராவும் செல்லும். மற்றத் துளைகளினூடாக 5 அல்லது 10 மில்லிமீற்றர் தடிப்பும் 30 சென்ரிமீற்றருக்கு மேல் நீளமும் கொண்ட மெல்லிய கருவிகள் செல்லும். வைத்தியர் நோயாளியின் வயிற்றைப் பார்ப்பதில்லை. எதிரேயிருக்கும் திரையைப் பார்த்துக்கொண்டே பித்தப்பையை வெட்டி எடுக்கிறார். நோயாளி ஓரிரு நாட்களில் வீட்டுக்குப் போய்விடுகிறார். நாட்கூலிக்குப் போகிறவருக்கும், கடலுக்குப் போகிறவருக்கும், கைக்குழந்தைக்காரிக்கும் இது எத்தனை பெரிய நன்மை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த நீண்ட கருவியை இரண்டு மூன்று மணித்தியாலம் பிடித்திருந்த கை என்னவாயிற்று என்று கேட்பவர் குறைவு.

கைக்கும் கருவிக்கும் உள்ள உறவை நமது முன்னோர் அறியாதவர்கள் அல்லர். வடமொழி மருத்துவ நூலான சுசுருத சங்கிதை, கூரில்லாத கருவிகள் 101 என்று எண்ணிச் சொல்லி, அவை யாவற்றிலும் தலையாயது கையே என்கிறது. அந்நூல் மாணாக்கனை உடனே நோயாளியிடம் அனுப்புவதில்லை. பூசணி, சுரை முதலிய காய்களை அறுத்தும், நீரும் சேறும் நிறைந்த தோற்பைகளைக் கீறியும் கையைப் பழக்கச் சொல்கிறது. நமது தீவிலே நான்காம் நூற்றாண்டில் அரசாண்ட புத்ததாசன், தன் கருவிப்பையை எப்போதும் உடன் கொண்டு திரிந்தான் என்றும், வயிற்றில் நோய்கண்டு கிடந்த ஒரு நாகத்துக்கு யானையிலிருந்து இறங்கிச் சத்திரசிகிச்சை செய்தான் என்றும் சூளவம்சம் கதை சொல்லும். கதை எவ்வாறாயினும், பொலன்னறுவையில் ஆளாஹன பிரிவேனா வைத்தியசாலையின் இடிபாடுகளுக்குள்ளிருந்து கத்தரியும் இடுக்கியும் கிடைத்திருப்பது கதையன்று.

முஸ்லிம் உலகத்தின் பெரும் சத்திரசிகிச்சை ஆசான் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. ஸ்பெயின் தேசத்துக் குர்துபா நகரை அடுத்திருந்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர். 936 ஆம் ஆண்டளவில் பிறந்து 1013 ஆம் ஆண்டளவில் மறைந்தவர். அவர் எழுதிய ‘கித்தாபுத் தஸ்ரீப்’ முப்பது பாகங்களைக் கொண்டது. அதன் இறுதிப் பாகம் சத்திரசிகிச்சை பற்றியது. அதிலே ஏறத்தாழ இருநூறு கருவிகளைப் படம் வரைந்து காட்டியிருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலைதோ நகரில் ஜெரார்ட் என்பவர் அதனை இலத்தீனுக்குப் பெயர்த்த பின்னர், ஐரோப்பிய வைத்தியர்கள் பல நூற்றாண்டுகள் அந்நூலைப் படித்தார்கள்.

அந்தப் படங்களிலே இரண்டு செய்திகள் நமது கவனத்துக்குரியவை. கொக்கிகளைப் பற்றிச் சொல்லும்போது பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்று அளவுகளை வரைகிறார். கட்டியைக் கீறுவதற்காக விரல்களுக்கிடையே மறைத்துப் பிடிக்கும் ஒரு சிறு கத்தியையும் அவ்வாறே மூன்று அளவில் வரைகிறார். நோயாளி பயந்துவிடக் கூடாது என்பதற்காக மறைக்கும் கத்தி அது. அளவுகள் பெரும்பாலும் புண்ணையும் நோயாளியையும் கருதி வகுக்கப்பட்டவைதாம். எனினும் விரலிடுக்கில் மறைய வேண்டிய கத்தி, பிடிக்கின்றவரின் விரலுக்கும் பொருந்தினால் அல்லவா மறையும்? சிறுவர்களுக்குக் கத்னாச் செய்யும் முறையைச் சொல்லும் இடத்திலும், கத்தரியைப் பிள்ளையின் கண்ணில் படாமல் மறைத்து வைக்கச் சொல்கிறார். நமது ஊர்களில் ஒஸ்தாமார் கைக்கொண்ட தந்திரம் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று எண்ணும்போது வியப்பாகவே இருக்கிறது.

இந்தக் கத்தரியை, அதன் இரண்டு வளையப் பிடிகளை, நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நமது கதையின் சிக்கல் அந்த வளையத்தில்தான் இருக்கிறது.

உடலைக் கிழிக்காமல் உள்ளே பார்க்கும் ஆசை கடந்த இரு நூற்றாண்டுகளில் படிப்படியாக நிறைவேறியது. 1806 இல் பிலிப் பொட்சினி என்ற ஜேர்மன் வைத்தியர், மெழுகுதிரி வெளிச்சத்தைக் குழாய் வழியே உடலுக்குள் செலுத்தும் சாதனமொன்றைச் செய்தார். 1901 இல் ஜோர்ஜ் கெலிங் ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பிக் குழாய்க் கண்ணாடியால் உள்ளே பார்த்துக் காட்டினார். 1910 இல் சுவீடன் நாட்டு யக்கோபேயஸ் மனிதர்களில் அவ்வாறு பார்த்ததை எழுதினார். 1938 இல் ஹங்கேரி நாட்டு வெரெஸ், உள்ளுறுப்பைக் குத்திவிடாமல் வாயுவைச் செலுத்தும் வில்லூசியை வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தின் பௌதிக அறிஞர் ஹரோல்ட் ஹொப்கின்ஸ் கண்டுபிடித்த கோல்வில்லை அமைப்பு, படத்தைத் துலக்கமாக்கியது. இத்தனை பேரும் கண்ணுக்கு வழி தேடினார்கள். கையின் முறை பின்னர்தான் வந்தது.

ஜேர்மனியின் கீல் நகரில் பெண்நோயியல் வைத்தியராக இருந்த குர்ட் செம், தாமே பல கருவிகளை வடிவமைத்தவர். 1980 இல் அவர் குடல்வாலை இம்முறையில் அகற்றியபோது சக வைத்தியர்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. அவரைத் தொழிலிலிருந்து நிறுத்தவேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர் செய்த இன்னொரு வேலை, கையைப் பழக்குவதற்கென ஒரு பயிற்சிப் பெட்டி அமைத்தது. சுசுருதரின் சுரைக்காய்க்கு ஜேர்மனியில் பிறந்த உறவு என்று அதனைச் சொல்லலாம். 1985 இல் அதே நாட்டின் எரிக் மூஹே பித்தப்பையை அகற்றினார். 1987 இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே அதனைச் செய்த பிறகு, இம்முறை காட்டுத்தீயாய்ப் பரவிற்று. மும்பாயில் 1972 முதலே லெப்பரோஸ்கோப்பால் நோயறிந்து வந்த டாக்டர் தெஹெம்தன் உத்வாடியா, 1990 இல் ஜே. ஜே. வைத்தியசாலையில் பித்தப்பையை அகற்றினார். ஏழை நாட்டுக்கு இது ஆடம்பரம் என்றவர்களிடம், விரைவாக வேலைக்குத் திரும்ப வேண்டியவன் ஏழைதானே என்று வாதிட்டவர் அவர்.

பரவிய வேகத்தில் ஒன்றை மறந்துவிட்டார்கள். கருவியின் தண்டு புதியது, முனை புதியது. பிடி மட்டும் பழையது. திறந்த வயிற்றில் பயன்பட்ட கத்தரியின் வளையப் பிடியையே நீண்ட தண்டின் முனையில் பொருத்திவிட்டார்கள். தையற்காரரின் கத்தரியில் வெட்டும் இடம் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கோ ஒரு முழத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கையின் விசை தண்டின் வழியே போகப் போகத் தேய்கிறது. ஆகவே பழைய இடுக்கியை அழுத்துவதைவிடப் பல மடங்கு அழுத்தவேண்டும். பெருவிரலை வளையத்துக்குள் நுழைத்து, மணிக்கட்டை வளைத்து, அந்நிலையிலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டும். வளையத்தின் விளிம்பு பெருவிரலின் பக்கத்தே ஓடும் நரம்பை அழுத்தும். விரல் மரத்துப்போகும். வைத்திய சஞ்சிகைகள் இதற்கு ‘லெப்பரோஸ்கோப்பி வைத்தியரின் பெருவிரல்’ என்று நோய்ப்பெயரே சூட்டிவிட்டன.

இன்னொரு சங்கடமும் உண்டு. துளையிலே கருவி ஊன்றி நிற்பதால் கை வலப்புறம் போனால் முனை இடப்புறம் போகும். கை தாழ்ந்தால் முனை உயரும். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகை ஓட்டுபவர்களுக்கு இது விளங்கும். பிடியை ஒரு பக்கம் தள்ளினால் படகின் முகம் மறுபக்கம் திரும்புகிறதல்லவா? பழகப் பழக மீனவரின் கைக்கு அது இயல்பாகிவிடுகிறது. வைத்தியரின் கையும் பழகிக்கொள்ளும். ஆனால் மனம் பழகிவிட்டது என்பதற்காக நரம்பு பழகிவிடாது.

வேலைக்கும் உடலுக்கும் உள்ள பொருத்தத்தை ஆராய்வதற்கென ஒரு துறையே இருக்கிறது. 1857 இல் போலந்து நாட்டு அறிஞர் யாஸ்த்ர்செம்பொவ்ஸ்கி, வேலை, விதி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘எர்கோனொமி’ என்று அதற்குப் பெயரிட்டார். 1949 இல் பிரித்தானியாவில் மறல் என்பவர் அச்சொல்லை மறுபடி வழக்குக்குக் கொண்டுவந்தார். ஆலைத் தொழிலாளியின் இருக்கையையும் விமானியின் நெம்புகோலையும் அளந்த அத்துறை, சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் பிந்தித்தான் நுழைந்தது. ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில், மால்ட்டாவில் பிறந்த அல்பிரட் குஷியேரி என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1990களில் இதனைச் சோதித்தார்கள். வளையத்தை நீக்கி, உள்ளங்கையில் ஏந்தி முன்பின்னாக அசைத்து இயக்கும் ஊசிப்பிடியொன்றை அக்குழு 1999 இல் வெளியிட்டது. அதே ஆண்டில் ஜேர்மனியின் உல்ரிச் மாட்டர்ன், பிடி எப்படி இருக்கவேண்டும் என்பதற்குரிய விதிகளை வகுத்து எழுதினார். மணிக்கட்டு நேராக இருக்கவேண்டும், ஓரிடத்தில் மட்டும் அழுத்தம் விழக்கூடாது என்பவை அவற்றின் சாரம்.

மேசையின் உயரமும் இக்கதையில் சேர்ந்ததே. கருவி நீளமானதால் கை மேலே எழுகிறது. உப்பிய வயிறு அதை இன்னும் உயர்த்துகிறது. ஆகவே நோயாளி கிடக்கும் தளம், நிற்பவரின் முழங்கை உயரத்தில் பத்தில் ஏழெட்டுப் பங்கு அளவில் இருப்பது நல்லது என்று ஒல்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். பழைய மேசைகள் அவ்வளவு தாழ்வதில்லை. உயரம் குறைந்த வைத்தியர் பலகை போட்டு ஏறி நின்று, தோளை உயர்த்திக்கொண்டு வேலை செய்வார். மருதமுனைக் கைத்தறியாளருக்கு இதன் அருமை தெரியும். கால் மிதிக்கும் பலகையும் கை இழுக்கும் கயிறும் நெய்பவரின் உடலுக்குப் பொருந்தி நின்றால்தான் மாலைவரை தறியில் இருக்கலாம். பொருந்தாத தறியில் இருப்பவரின் முதுகு, துணி முடியுமுன்னே முடிந்துவிடும்.

இனி, இக்கதையில் மிகக் கனமான செய்திக்கு வருகிறேன். 2004 இல் அமெரிக்காவில் ரமோன் பேர்கேர் என்பவரும் அவருடைய துணை ஆய்வாளரும் 726 லெப்பரோஸ்கோப்பி வைத்தியர்களை விசாரித்த முடிவுகளை வெளியிட்டனர். கையுறை அளவு ஆறரையும் அதற்குக் கீழும் உள்ளவர்கள், கருவிகளைக் கையாளுவதில் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சிரமப்படுவது அதில் தெரியவந்தது. 2010 இல் ஏட்ரியன் பார்க் என்பவரின் குழு வட அமெரிக்காவில் 317 வைத்தியர்களிடம் கேட்டபோது, 87 வீதமானோர் உடலில் நோவோ வேறு உபாதையோ உண்டென்றார்கள். அப்படியானால் பெரிய கையும் தப்பவில்லை. சிறிய கை இரட்டிப்பாகத் துன்பப்பட்டது.

கையுறையின் கதையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1889 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் கரோலின் ஹம்ப்டன் என்ற தாதியின் கைகள், கிருமி கொல்லும் மருந்து நீர் பட்டுப் புண்ணாயின. சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர்க் கம்பனியிடம் சொல்லி அவருக்காக மெல்லிய ரப்பர்க் கையுறை செய்வித்தார். அடுத்த ஆண்டில் அவரையே மணமுடித்தார். உலகமெங்கும் சத்திரசிகிச்சைக் கூடங்களில் இன்று அணியும் கையுறை, ஒரு பெண்ணின் கையை எண்ணிச் செய்ததிலிருந்து வளர்ந்தது. அது இன்று அரை அரை அளவாகப் பிரிந்து, ஆறு, ஆறரை, ஏழு என்று யாருக்கும் பொருந்தக் கிடைக்கிறது. அதே கையுறையை அணிந்தவர் எடுக்கும் கருவிக்கோ பெரும்பாலும் ஒரே அளவு. அஸ்ஸஹ்ராவி கொக்கிக்கு மூன்று அளவு வரைந்தார். ஆயிரம் ஆண்டுகள் கழித்து வந்தவர்கள் ஓரளவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

காரணம் தேடக் கடினமில்லை. ஜேர்மனியில் டுட்லிங்கன் என்ற சிறு நகரம் சத்திரசிகிச்சைக் கருவிகளின் தலைநகர் போன்றது. பாகிஸ்தானின் சியால்கோட் நகரமும் அத்தொழிலுக்குப் பேர்போனது. அங்கே மிஷன் ஆஸ்பத்திரியின் கருவிகளைப் பழுதுபார்க்கத் தொடங்கிய உள்ளூர்க் கொல்லர்களிலிருந்து அத்தொழில் வளர்ந்தது என்பார்கள். சியால்கோட் கைகள் இரும்பை அடித்து இழைத்து மெருகிட்டாலும், வடிவம் பெரும்பாலும் மேல்நாட்டுக் கொள்வனவாளருடையது. மேல்நாட்டில் இத்தொழில் தொடங்கிய காலத்தில் கத்தி பிடித்தவர்கள் அநேகமாக ஆண்கள். அவர்கள் கையே அளவுகோலாயிற்று. எவரும் தீய எண்ணத்தோடு செய்ததன்று. அளக்கும்போது கூடத்தில் இல்லாதவரின் கை அளவில் சேரவில்லை, அவ்வளவுதான்.

தன் ஊரின் தேவையை அளந்து கருவி செய்தவர்கள் நம் மொழியினரிலும் இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் டாக்டர் சி. பழனிவேலு 1991 முதல் இச்சிகிச்சையைச் செய்து வருபவர். நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒருவகை நாடாப்புழு, ஈரலில் நீர்க்கட்டிகளை உண்டாக்கும். அந்தக் கட்டியின் நீர் வயிற்றில் சிந்தினால் உடல் ஒவ்வாமையால் உயிராபத்து நேரலாம். புதிய கட்டிகளும் முளைக்கும். சிந்தாமல் உறிஞ்சி எடுப்பதற்கென்று அவர் வடிவமைத்த குழாய்த் தொகுதி, அவர் பெயரோடு வைத்திய நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. ஆட்டையும் நாயையும் சேர்த்து வளர்க்கும் நாடுகளின் நோய்க்கு, அந்நோயைத் தினம் பார்த்த கை கண்ட கருவி அது. நோயை அளந்து கருவி செய்ய முடியுமென்றால், பிடிக்கிற கையை அளந்து செய்வதற்கு என்ன தடை?

இயந்திரக் கை வந்துவிட்டதே, இனி இந்தக் கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘டா வின்சி’ இயந்திரத்தில் வைத்தியர் இருக்கையில் அமர்ந்தபடி இயக்குகிறார். முனை மணிக்கட்டைப்போல் வளைகிறது. கையின் திசை மாறுவதில்லை. நல்ல காரியம்தான். ஆனால் அதன் விலையும் பராமரிப்பும் ஓர் ஆதார வைத்தியசாலைக்கு எட்டுமா? நமது பிரதேசத்தில் இன்னும் பல ஆண்டுகளுக்கு வேலை செய்யப்போவது கழுவிக் கிருமி நீக்கி மறுபடி எடுக்கின்ற உருக்குக் கருவிகள்தாம்.

இது நமக்கு வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று, நேயர்களே. நமது ஊர்களில் பெண்கள் நோய் முற்றும்வரை வைத்தியரிடம் போகாமல் இருப்பதற்கு, பெண் வைத்தியர் இல்லையே என்ற தயக்கமும் ஒரு காரணம். உம்மாமார் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், வலியைப் பொறுத்துக்கொள்வார்கள். மறுபக்கத்தில், கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி போன்ற பாடசாலைகளில் உயிரியல் படித்த நமது பிள்ளைகள் மருத்துவ பீடங்களுக்குச் செல்கிறார்கள். அவர்களில் ஒருத்தி சத்திரசிகிச்சைத் துறைக்கு வந்து, ஆறாம் இலக்கக் கையுறை அணிந்த கையால் அந்த வளையப் பிடியை எடுக்கிறாள். இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருக்கிறது. உனக்குக் கை பலம் போதாது, வேறு துறைக்குப் போ என்று யாரேனும் சொன்னால் அவள் நம்பிவிடக்கூடும். அவள் நம்பிப் போய்விட்டால், வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கும் அந்த உம்மாவுக்கு வைத்தியர் இல்லாமற் போகிறது.

செய்யவேண்டியவை பெரும் செலவுக்குரியனவல்ல. கருவிக்கு விலைமனுக் கோரும்போது முனையின் அளவோடு பிடியின் அளவையும் கேட்கலாம். வாங்குமுன் ஆணும் பெண்ணுமாய் நாலைந்து பேர் பயிற்சிப் பெட்டியில் பிடித்துப் பார்க்கலாம். பெருவிரலை வளையத்துக்குள் ஆழ நுழைக்காமல் நுனியால் இயக்கப் பழக்கலாம். தாழக்கூடிய மேசையையும் உறுதியான நிற்கும் பலகையையும் கூடத்துக்குரிய உபகரணங்களாகவே கணக்கிடலாம். விரல் மரத்துப்போகிறது என்று இளம் வைத்தியர் சொன்னால், பழமொழியைச் சொல்லி வாயடைக்காமல் முதலில் அந்தக் கருவியை வாங்கிப் பார்க்கலாம்.

வயலிலே அறுவடைக்கு இறங்கும் பெண், தாக்கத்தியைத் தெரியும்போது இரண்டு மூன்றைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்துத் தனக்கு இசைந்ததை வைத்துக்கொள்வாள். அவளை யாரும் ஆடத் தெரியாதவள் என்பதில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்தில் நிற்கும் அவள் மகளுக்கும் அந்த உரிமை வேண்டும்.